பள்ளிகளில் கணினியின் பயன்: எதனை அளக்கிறோம்?

பள்ளித் தொழில்நுட்பத்தின் மதிப்பை அளப்பதாகக் கூறும் அறிக்கைகள் பலவும் உண்மையில் அளப்பது பொருளிருப்பையும் பயன்பாட்டையுமே ஆகும். கணினிகள் எத்தனை, பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர் என்பன எளிதில் எண்ணத்தக்கவை. கற்றல் அத்தகையதன்று.

மலேசியாவின் விவேகப் பள்ளித் திட்டம் 1999-இல் 88 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கப்பெற்றது. அதற்கான மென்பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே உருவாக்கப்பட்டன. தமிழ் அவற்றுள் இல்லை. பின்னர் பள்ளிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்கும் தரமுறை வகுக்கப்பட்டது. பயன்பாடு, மனிதவளம், செயலிகள், தொழில்நுட்பக் கட்டமைப்பு என்பன அதன் நான்கு கூறுகள். மாணவர் அடைவு தனிக்கூறாக இடம்பெறவில்லை. பள்ளியின் ஆயத்தநிலையை அறிய இம்முறை உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயத்தநிலையையே பயன் எனக் கொள்வதுதான் பொருந்தாது.

இவ்வேறுபாட்டைப் பெரு நாட்டு ஆய்வொன்று தெளிவாக்குகிறது. அங்கு 319 ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் மடிக்கணினி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஒப்பிட்ட அவ்வாய்வு 2012-இல் வெளிவந்தது. கணினிப் பயன்பாடு வெகுவாக உயர்ந்திருந்தது; ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பின்னரும் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. ஒப்பீட்டுப் பள்ளிகள் இல்லாதிருப்பின், பயன்பாட்டு உயர்வே வெற்றியாக அறிவிக்கப்பட்டிருக்கும்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் இவ்வொப்பீடு எளிதன்று. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் இங்குப் பல. எட்டு மாணவர் பயிலும் வகுப்பில் தேர்ச்சி பெற்றோர் ஐவர் அறுவரானால் விழுக்காடு 62.5-இலிருந்து 75-ஆக உயர்கிறது. வரைபடத்தில் இது பெருஞ்சாதனையாகத் தோன்றும்; மாறியவரோ ஒரே மாணவர். அவர் சென்ற தேர்வின்போது காய்ச்சலுற்றிருந்தவராகவும் இருக்கலாம். ஆகவே இத்தகைய வகுப்புகளில் விழுக்காட்டை விடுத்து, ஒவ்வொரு மாணவரின் வாசிப்பையும் எழுத்தையும் பல தவணைகள் தொடர்ந்து பதிவுசெய்தலே தக்கதென்பது நம் கருத்து.

எதைக்கொண்டு சோதிப்பது என்பதும் கருதத்தக்கது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் கணினி விளையாட்டில் சரியான எழுத்தைச் சுட்டித் தெரிவுசெய்யும் மாணவர், சொல்வதெழுதுதலில் 'பள்ளி'யைப் 'பல்லி' என எழுதக்கூடும். முன்னது அடையாளங்காணல், பின்னது ஆக்கம். விளையாட்டு தானே வழங்கும் மதிப்பெண்ணைக் கொண்டு அவ்விளையாட்டின் பயனை உறுதிசெய்ய இயலாது. பாடம் முடிந்து சில வாரங்கள் கழித்து, திரையில் வராத புதிய சொற்களைத் தாளில் எழுதச்செய்து, அதே நேரத்தை நூல் வாசிப்பில் செலவிட்ட வகுப்பின் எழுத்தோடு அதனை ஒப்பிடவேண்டும். இதற்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை. இரு வகுப்பாசிரியர்களின் இசைவு போதும்.