தேயாத மூட்டு உண்டா?



இடுப்பு மூட்டு கெட்டுப்போனவர்களுக்குச் செயற்கை மூட்டு பொருத்துவது இன்று நம் தோட்டத்து மக்களுக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த மூட்டு எந்தப் பொருளால் ஆனது, அது எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எழுபது வயதுப் பாட்டிக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பெரியதன்று. முப்பத்தைந்து, நாற்பது வயதில் செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கும் ஒருவருக்கோ அதுவே முதற்கேள்வியாகும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் மருத்துவர் அல்லேன், பள்ளி ஆசிரியர். ஆகவே மருத்துவர் சொல்வதை நீங்கள் புரிந்துகொள்ள உதவுவதே என் நோக்கம்.

நம் தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்தைப் போல உருண்டையாக இருக்கிறது. இடுப்பு எலும்பில் ஒரு கிண்ணம் போன்ற குழி இருக்கிறது. பந்து கிண்ணத்திற்குள் சுழல்கிறது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருப்பதால் உராய்வு தெரிவதில்லை. அந்தக் குருத்தெலும்பு தேய்ந்தாலோ, பந்துமுனைக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்து நொறுங்கினாலோ, ஒவ்வோர் அடியும் வேதனையாகிவிடும்.

இளம் வயதில் இது ஏன் வருகிறது? மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிவது ஒரு காரணம். பிறவியிலேயே குழி ஆழமின்றி அமைவது இன்னொன்று. அளவு மீறிய குடியும் பந்துமுனையின் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வதும் அவ்வாறே. முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாமல், 'மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து' என்று விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். வலிக்கு வாங்கிய மருந்தே மூட்டைத் தின்றுவிடக் கூடும் என்பதை மறவாதீர்கள்.

இனி, வயது ஏன் முக்கியம் என்று பார்ப்போம். சாதாரணமாக நடமாடும் ஒருவரின் ஒரு காலின் இடுப்பு மூட்டு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை அசைகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உழைப்பாளிக்கு இது இன்னும் கூடும். செயற்கை மூட்டு காலத்தால் தேய்வதைவிட உபயோகத்தால்தான் தேய்கிறது. பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். எழுபது வயதுக்குமேல் மூட்டு மாற்றியவர்களில், வாழ்நாளில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் நூற்றுக்கு 5 பேர் அளவே. ஐம்பதை ஒட்டிய வயதில் மாற்றிய ஆண்களிலோ அது நூற்றுக்கு 35 பேர் வரை உயர்கிறது. இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது, எலும்பும் குறைந்திருக்கும். ஆகவே இளையவருக்கு மூட்டு பொருத்தும் மருத்துவர் இன்றைய வலியை மட்டுமன்றி, இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மிகக் கடினமான பொருளைப் போட்டுவிட்டால் போதாதா? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். எவ்வளவு தேய்கிறது என்பது பாதிக் கேள்விதான். தேய்ந்து விழும் பொடியை உடம்பு என்ன செய்கிறது என்பது மறுபாதி.

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுத் தந்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர். அவர் 1950களின் இறுதியில், வழுக்கும் தன்மை மிகுந்த டெஃப்லான் என்னும் பொருளால் கிண்ணம் செய்து, அதனுள் உலோகப் பந்தைச் சுழலவிட்டார். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்து, அதன் பொடி சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் புண்படுத்தியது. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்திய பிறகே இது தெரியவந்தது. பின்னர் அவர், ஆலை எந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கைச் சோதித்தார். அது டெஃப்லானைவிடப் பன்மடங்கு குறைவாகத் தேய்ந்தது. இரு பொருள்களையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, உடம்பு எப்படி எதிர்க்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தை நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் என்ற அந்த ஜோடிதான் பல்லாயிரம் முதியவர்களை நடக்க வைத்தது.

ஆயினும் இளையவர்களிடம் அந்தப் பழைய பிளாஸ்டிக்கும் தோற்றது. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள்களை நம் உடம்பின் காவல் அணுக்கள் அந்நியப் பொருள் என்று விழுங்குகின்றன. ஆனால் பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாமல் சில இரசாயனங்களை வெளிவிடுகின்றன. அவை அருகிலுள்ள எலும்பைக் கரைக்கத் தூண்டுகின்றன. கறையான் அரித்த தூணைப் போல, வெளியே வலி தெரியாமலே உள்ளே எலும்பு குழியாகி, ஒருநாள் மூட்டு ஆட்டம் காண்கிறது.

இதற்கு மூன்று வழிகளில் விடை தேடினார்கள்.

முதல் வழி, பிளாஸ்டிக்கையே உறுதிப்படுத்துவது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். அதையே கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், தனித்தனியே கிடந்த நீண்ட இழைகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக்கொண்டு, சாலையில் ஓடும் டயர் ஆகும் உறுதியைப் பெறுகின்றன. அதுபோலவே பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அதன் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறார்கள். கதிர்வீச்சினால் உண்டாகும் குறை பின்னாளில் பிளாஸ்டிக்கை நொய்யச் செய்யாதிருக்க, அதைச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். சிலவற்றில் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். 1990களின் கடைசியில் வந்த இந்தக் குறுக்குப் பிணைப்புப் பிளாஸ்டிக், பழையதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இதற்கு நற்சான்று தருகிறது.

இரண்டாம் வழி, பீங்கான். 1970இல் பிரான்ஸ் நாட்டின் பியேர் பூத்தான் என்னும் மருத்துவர் பந்து, கிண்ணம் இரண்டையும் அலுமினா என்னும் பீங்கானால் செய்து பொருத்தினார். பீங்கான் மிகக் கடினமானது, கண்ணாடிபோல் மெருகேறும், மிகச் சொற்பமாகவே தேயும், அதன் பொடியை உடம்பும் அதிகம் எதிர்ப்பதில்லை. குறை என்ன? பால் மங்கு கல்லில் விழுந்தால் என்ன ஆகிறதோ அதுதான்: தேயாது, உடையும். 2001ஆம் ஆண்டில், தயாரிப்பில் சூடேற்றும் முறையை மாற்றியதால் ஒருவகைச் சிர்க்கோனியாப் பந்துகள் உடையத் தொடங்கி, அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. இன்றைய கலப்புப் பீங்கான் மிகவும் உறுதியானது, உடைவது அபூர்வம். ஆனால் உடைந்தால், சில்லுகள் தசைக்குள் சிதறி மறு அறுவையைக் கடினமாக்கும். அன்றியும், பீங்கானோடு பீங்கான் உரசும் ஜோடியில் சிலருக்கு நடக்கும்போது கிறீச்சென்று ஓசை கேட்பதுண்டு.

மூன்றாம் வழி, உலோகத்தோடு உலோகம். பந்தும் கிண்ணமும் கோபால்ட், குரோமியம் சேர்ந்த கடினமான உலோகம். 'இது உடையாது, பிளாஸ்டிக் பொடியும் இல்லை, இளைஞர்களுக்கு இதுவே தகுந்தது' என்று 1990களின் பிற்பகுதி முதல் பெருமளவில் பொருத்தினார்கள். விழுந்த உலோகப் பொடி அளவில் குறைவுதான். ஆனால் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றிலிருந்து உலோகம் கரைந்து இரத்தத்தில் கலந்தது. சிலருக்கு மூட்டைச் சுற்றிய தசை அழிந்து கட்டிகள் தோன்றின. 2010 ஆகஸ்டில் இவ்வகை மூட்டுகளுள் ஒன்று உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அது ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. இன்று இந்த ஜோடியை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். எவருக்கேனும் முன்பே இதைப் பொருத்தியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சென்று இரத்தச் சோதனை தேவையா என்று கேட்க வேண்டும்.

நேயர்களே, மூன்றையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். மிகக் கடினமானதும் மிகப் புதியதுமே மிக நல்லது என்று சொல்ல முடியாது. இன்று இளையவர்களுக்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுவது பீங்கான் பந்தும் குறுக்குப் பிணைப்புப் பிளாஸ்டிக் கிண்ணமும் சேர்ந்த ஜோடி. சில மருத்துவர்கள் மிக இளையவர்களுக்குப் பீங்கானோடு பீங்கான் பொருத்துகிறார்கள். உலோகப் பந்தோடு குறுக்குப் பிணைப்புப் பிளாஸ்டிக்கும் நல்ல ஜோடியே, விலையும் குறைவு. ஆகவே பீங்கானுக்குப் பணம் போதவில்லையே என்று எவரும் மனம் உடைய வேண்டாம். அதற்காகக் கடன்பட்டு நகையை அடகு வைக்கவும் வேண்டாம். எந்தப் பொருளானாலும் கிண்ணத்தைச் சரியான சாய்வில் பொருத்தாவிட்டால் விளிம்பில் உரசிக் கெடும். பொருளின் தரத்தோடு பொருத்தும் கையின் தேர்ச்சியும் சேர வேண்டும்.

எது நல்லது என்பதை விளம்பரம் சொல்லாது, கணக்குச் சொல்லும். சுவீடன் நாடு 1979 முதல் தன் நாட்டில் பொருத்தப்படும் இடுப்பு மூட்டுகளுக்குப் பேரேடு வைத்து வருகிறது. பின்னர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளும் அவ்வாறு செய்தன. எந்த மூட்டு எத்தனை ஆண்டு உழைத்தது என்பதைத் தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பேர் போடுவதுபோல எழுதி வைக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் எவருக்கேனும் இந்தச் சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பந்து எதனால் ஆனது? கிண்ணம் எதனால் ஆனது? இந்த ஜோடிக்கு எத்தனை ஆண்டுக் கணக்கு இருக்கிறது? குந்தி உட்காரலாமா? பாரம் தூக்கலாமா? செலவு தாங்காவிட்டால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை அணுகுங்கள். வேலையில் நேர்ந்த விபத்தானால் சொக்சோ அலுவலகத்திலும் விசாரியுங்கள். மூட்டின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். இருபது ஆண்டு கழித்து மறு அறுவை செய்யும் மருத்துவருக்கு அந்த அட்டைதான் வழிகாட்டி.

கடைசியாக ஒன்று. 'வலிதான் இல்லையே, ஒருநாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவானேன்' என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. எலும்பு அரிபடும்போது வலிக்காது என்று சொன்னேன். எக்ஸ்ரே படம்தான் அதை முன்கூட்டிக் காட்டும். தேய்மானத்தைத் தொடக்கத்திலேயே கண்டால் பல வேளைகளில் தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றிவிடலாம். முற்றிய பிறகு கண்டால் முழு மூட்டையும் பெயர்த்தெடுக்க நேரிடும். தேயாத மூட்டை மனிதன் இன்னும் செய்யவில்லை. தேய்வதை நேரத்தில் அறிந்துகொள்வது நம் கையில் இருக்கிறது.