இறுகிய பிணைப்பும் இளக்கும் வழியும்

ஒன்றைக் கட்டுவதற்கு வலிமை போதும். கட்டியதைக் கேடின்றி அவிழ்ப்பதற்கு அறிவு வேண்டும். இவ்வுண்மையை நாள்தோறும் உணர்பவர்கள் மோட்டார்ப் பட்டறைத் தொழிலாளர்கள். அவர்களைச் சோதிக்கும் ஒரு சிறு சிக்கலின் வாயிலாக, வேதியியலும் இயற்பியலும் ஒரு நட்டின் மரைக்குள் எவ்வாறு கூடி நிற்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைவளையம்

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை நாம் அறிவோம். மோட்டார் வாகனச் சக்கரத்திற்கும் அத்தகைய குடம் உண்டு. பட்டறையில் அதனை ‘ஹப்’ என்பர். சக்கரம் சற்று வெளியே தள்ளி நிற்க வேண்டும் என விரும்புவோர், குடத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே தடித்த உலோக வளையம் ஒன்றைப் பொருத்துகின்றனர். இதுவே ‘வீல் ஸ்பேசர்’. தமிழில் ‘இடைவளையம்’ எனலாம். இது பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது.

தடித்த இடைவளையம் தனக்குரிய நட்டுகளால் குடத்தின் ஸ்டட்டுகளில் முடுக்கப்படும். அதன் வெளிப்புறத்திலுள்ள வேறு ஸ்டட்டுகள் சக்கரத்தைத் தாங்கும். உள்ளே முடுக்கிய நட்டுகளைச் சக்கரம் மறைத்துவிடுவதால், அவை தளர்ந்தாலும் ஓட்டுநர் கண்ணில் படா. தளர்ச்சி முற்றினால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரமே கழன்றுவிடும். இவ்வச்சத்தினாலேயே பலர் அந்நட்டுகளில் ‘திரெட்லாக்கர்’ எனும் மரைப்பூட்டுப் பசையை இடுகின்றனர்.

பசை பிறந்த கதை

இப்பசை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உருவானது என்பது நம்மனோர் மகிழத்தக்க செய்தி. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1940களில் ஒரு விந்தையான திரவம் கண்டறியப்பட்டது. இடைவிடாது காற்றைச் செலுத்தினால் மட்டுமே அது திரவமாக நின்றது. காற்று நின்றதும் கெட்டியாகிவிட்டது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராயிருந்த வெர்னன் கிரீபிள், 1953ஆம் ஆண்டில் இக்குறையை நீக்கி, குப்பியில் வைத்து விற்கத்தக்க பசையை உருவாக்கினார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். ‘லாக்டைட்’ என்னும் பெயரில் 1956இல் அது உலகிற்கு அறிமுகமாயிற்று.

பொதுவாகப் பசைகள் காற்றுப்பட்டு உலர்பவை. இதுவோ காற்றுப்பட்டால் இறுகாதது. ஆக்சிஜன் உள்ளவரை இதன் சிறு மூலக்கூறுகள் தனித்தனியே நிற்கும். நட்டை முடுக்கும்போது மரைகளுக்கிடையே காற்று அற்றுப்போகிறது. இரும்பின் தொடர்பும் கிட்டுகிறது. உடனே மூலக்கூறுகள் சங்கிலிகளாகப் பிணைந்து கெட்டியான பிளாஸ்டிக்காக மாறுகின்றன. இப்பசைக் குப்பி முழுதும் நிரப்பப்படாமல், காற்றுக்கு இடம் விட்டு விற்கப்படுவதன் காரணம் இதுவே.

நிறம் சொல்லும் செய்தி

பெரும்பாலான தயாரிப்புகளில் நீலப்பசை நடுத்தர வலிமையுடையது, கைக்கருவியால் கழற்றத்தக்கது. சிவப்பு மிகு வலிமையுடையது. ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, அச்சூடு ஆறுமுன் கழற்ற வேண்டியது. கழற்ற வேண்டிய நாள் வரும் என்பதை மறந்து சிவப்பை இட்டவர்களே பின்னர் இடர்ப்படுகின்றனர். பிரேக் தட்டை மாற்றவோ, வண்டியைப் பழைய நிலைக்குக் கொணரவோ முற்படும்போது நட்டு அசைய மறுக்கிறது. சினங்கொண்டு நீண்ட குழாயை ஸ்பானரில் செருகி அழுத்தினால், நட்டுக்கு மாறாக ஸ்டட்டே முறிகிறது.

கழற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் அமர்த்துக. சக்கரத்தைக் கழற்றியபின் குடம் சுழலாதிருக்க ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்க. நட்டின் விளிம்பில் கசிந்து காய்ந்த பசையின் நிறத்தை நோக்குக. நீலமாயின், ஆறுமுக சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் கொண்டு சீராக இழுத்தாலே பெரும்பாலும் இளகும்.

சிவப்பாயின் வெப்பமே திறவுகோல். சுடரைக் காட்டிலும், மின்காந்தத் தூண்டலால் நட்டை மட்டும் சூடாக்கும் கருவி சிறந்தது. அருகிலுள்ள அலுமினிய வளையம் மிகச் சூடேறினால் தன் வலிமையை இழக்கும்; பேரிங்கின் கிரீசும் ரப்பர் அடைப்பும் பிரேக் குழாயும் கெடும். சுடரைத்தான் பயன்படுத்த வேண்டுமெனில், நட்டின் பக்கங்களில் மட்டும் சிறிது நேரம் காட்டுக. பிரேக் துப்புரவுத் திரவமோ எண்ணெயோ தெளித்த இடத்தில் சுடர் கூடவே கூடாது; தீப்பற்றும், சில திரவங்கள் நச்சுப்புகையும் தரும். காற்றோட்டமும் கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதவை. நட்டு சுழலத் தொடங்கியபின் மீண்டும் இறுகினால், வலிந்து திருப்பாமல் மறுபடியும் சூடேற்றுக.

வளையமே பற்றிக்கொண்டால்

நட்டுகள் யாவும் கழன்றபின்னும் வளையம் வராதிருப்பதுண்டு. அது பசையின் குற்றமன்று. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருப்பின், மின்வேதி அரிப்பு நிகழ்ந்து வெண்ணிறத் துகள் படியும். அத்துகளே வளையத்தைக் குடத்தின் நடுவிளிம்போடு இறுக்கிவிடுகிறது. இங்கு ஊடுருவும் எண்ணெயைச் சிறிதளவு இட்டுப் பொறுத்திருத்தல் வேண்டும். அது பிரேக் தட்டில் படலாகாது. பின்னர் ரப்பர்ச் சுத்தியால் வளையத்தைச் சுற்றிலும் மாறிமாறித் தட்டுக. அதற்கும் அசையாவிடின், எண்ணெயை முற்றிலும் துடைத்தபின் வெப்பக்காற்றால் மிதமாகச் சூடேற்றலாம். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடி தளரும்.

கழற்றியபின் மரைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி ஆராய்க. நட்டுகளைப் புதிதாக மாற்றுக. சுடரில் வெந்த வளையத்தையும், முறுகிய ஸ்டட்டையும் மீண்டும் பயன்படுத்தாதீர். மறுபடி முடுக்கும்போது தயாரிப்பாளர் குறித்த அளவை முறுக்குவிசைமானி கொண்டே காண்க. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தன் 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதையும் இளைஞர்கள் நினைவிற்கொள்க.

பசையால் இறுகியதை வெப்பத்தாலும், அரிப்பால் இறுகியதைப் பொறுமையாலும் இளக்க வேண்டும். இறுகியதன் காரணத்தை அறியாது வலிமையைக் காட்டுவோர் முறித்த ஸ்டட், மறுநாள் ஒரு குடும்பத்தைச் சுமந்து செல்லும் சக்கரத்தைத் தாங்க வேண்டியதாகும். காரணம் அறிந்து கைவைப்பதே தொழிலறிவு; உயிர்களைக் காப்பதும் அதுவே.