இன்டர்வியூவில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

கேளம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, பக்கத்திலுள்ள சிறுசேரி சிப்காட்டில் சாஃப்ட்வேர் வேலை தேடும் பிள்ளைகள் உண்டு. அறையில் மடமடவென்று புரோகிராம் எழுதுகிறவர்கூட இன்டர்வியூ முடிந்து வந்து, "எல்லாம் மறந்துபோச்சு" என்பார். அவருக்குத் திறமை இல்லையா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. சிலர் தனி அறையில் புரோகிராம் எழுதினார்கள். மற்றவர்கள், தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கியபடியே எழுதினார்கள். பார்வைக்கு நடுவில் எழுதியவர்களின் திறன் பாதிக்கு மேல் குறைந்திருந்தது!

காரணம் என்ன? நம்மை ஒருவர் எடைபோடுகிறார் என்றதும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. கணக்கை மனசில் நிறுத்த வேண்டிய இடத்தை 'தப்பாயிடுமோ' என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. ஆக, இன்டர்வியூ அளப்பது திறமையை மட்டுமல்ல, பதற்றத்தையும் சேர்த்துத்தான்.

என்ன செய்யலாம்? வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லியே பழகுங்கள். முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள். கேள்வி வந்ததும் மூச்சை மெல்ல வெளியே விட்டு, "ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்" என்று கேட்பதில் தப்பே இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள்.

பெற்றோரே, தோற்று வந்த பிள்ளையிடம் "ஏன் கோட்டை விட்டே?" என்று கேட்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.