அருவியில் முந்தி ஏறினால் நண்பன் "குளோஸ்"!

யானை நடமாடும் சேரங்கோடு பக்கம் "துணை இல்லாம நடக்காதே" என்பார்கள். "காண்ட்ரா" வீடியோ கேமிலும் அதே கதைதான்!

ஜப்பானின் கொனாமி கம்பெனி 1987-ல் வெளியிட்ட ஆட்டம் இது. பில், லான்ஸ் என்ற 2 வீரர்கள் தோளோடு தோள் நின்று சுடுவார்கள். டி.வி.யில் ஆடும் ஆட்டத்தில் ஆளுக்கு 3 உயிர். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போச்சு!

3-வது கட்டம் அருவி. ஒருவன் விறுவிறு என்று மேலே தாவினால் திரையும் அவனோடு ஏறும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே விழுந்து சாவான். எதிரி சுடவே வேண்டாம்!

30 உயிர் தரும் ரகசிய பட்டன் வித்தையும் உண்டு. கொனாமி ஊழியர் ஹாஷிமோட்டோ 1986-ல் "கிராடியஸ்" ஆட்டத்தைச் சோதிக்கத் தனக்காக வைத்த குறுக்கு வழி அது. 2020-ல் அவர் காலமானார்.

வித்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தாவும் முன் "வந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நண்பன் பிழைப்பான்!