மணல்மேட்டுக் குடில்கள்
பீக்டு ஹில் பார்ஸ், பிராவின்ஸ்டவுன், மாசசூசெட்ஸ்

அட்லாண்டிக் கடலை நோக்கிய இந்த மணல்மேடுகளில் 19 மரக்குடில்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கப்பல்கள் அடிக்கடி உடைந்த கரை இது. உயிர்காப்பு நிலையத்தாரும் ஊர்க்காரர்களும், கரை ஒதுங்கிய மரங்களையும் சேர்த்து இவற்றில் பலவற்றைக் கட்டினார்கள். மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் இங்கு வரவில்லை. குடிநீரைக் கைப்பம்பில் அடித்து எடுக்க வேண்டும்.

நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் 1919 முதல் இங்கிருந்த பழைய உயிர்காப்பு நிலையத்தில் பல கோடைகளில் தங்கி எழுதினார். 1931-இல் அந்தக் கட்டடத்தைக் கடல் கொண்டது. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கவிஞர் ஹாரி கெம்ப் பல ஆண்டுகள் இங்கே ஒரு குடிலில் வாழ்ந்தார்.

1961-இல் இப்பகுதியையும் உள்ளடக்கிய கேப் காட் தேசியக் கடற்கரை உருவானபின் குடில்களை இடிக்கும் பேச்சு எழுந்தது. குடியிருந்தோரும் ஊராரும் பல்லாண்டு போராடிக் காத்தனர். 2012-இல் இப்பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. இன்றும் சில குடில்கள் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் சில வாரங்கள் தங்கிப் பணிபுரியத் தரப்படுகின்றன.

மணலை வேரால் பிடித்து நிறுத்துவது இங்குள்ள புல்லே. அதை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள். குடிலுக்குள் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கலாம். குடில்களை நெருங்க வேண்டாம்.