மாணாக்கர் வேற்றுமையும் கற்றலின் உளநிலையும்

மாணாக்கரை எட்டு உவமைகளால் அளந்து மூன்று நிலைகளில் வைத்த நன்னூற் பொதுப்பாயிரத்தைத் தமிழ் கற்பிப்பார் அனைவரும் அறிவர். அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை மாணாக்கர்க்கும் உவமையாயின. 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் வகுத்த இவ்வுவமைகள் இன்று ஆசிரியர் அறைகளில் வேறொரு வாழ்வு வாழ்கின்றன. முதற்பருவத் தேர்வு முடிந்த சில நாள்களிலேயே ஒருவனை இல்லிக்குடம் என்றும் ஒருத்தியைக் கிளி என்றும் பெயரிட்டுவிடுகின்றோம். பெயரிட்டபின் அவர்பால் வினாக் கேட்பதும் குறைகின்றது. அவர்தம் விடைக்குக் காத்திருக்கும் பொழுதும் குறைகின்றது. ஆகலின், அவ்வெட்டும் ஆள்வகையைக் குறிப்பனவா, படிக்கும் வகையைக் குறிப்பனவா என்னும் வினா இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதன்று. தமிழ் முதுகலை வகுப்பில் அமர்ந்திருப்போருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர். அவர்தம் கல்வியின் போக்கே இவ்வினாவின் விடையைப் பொறுத்துள்ளது.

முதற்கண் உவமைகளை நோக்குவோம். பாலையும் நீரையும் பிரிப்பது அன்னம். மிக்க புல்லைக் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திருந்து அசைபோடுவது ஆ. உழவன் முயற்சியின் அளவே விளைவது மண். கற்பித்ததையன்றிப் பிறிது கூறாதது கிளி. பெய்ததையெல்லாம் ஒழுகவிடுவது இல்லிக்குடம். ஒரு செடியில் நிறைய இருப்பினும் நில்லாது செடிதோறும் சென்று கறிப்பது ஆடு. குளத்தைக் கலக்கிச் சேறாக்கி உண்பது எருமை. நெய்யைக் கீழே விட்டுப் பிசுக்கைப் பற்றிக்கொள்வது நெய்யரி. இவற்றுள் ஒன்றேனும் அறிவின் அளவைச் சுட்டுகின்றதா என்று காண்க. பிரித்தல், அசைபோடுதல், ஒழுகவிடுதல், கலக்குதல், பற்றுதல் என எல்லாம் வினைகளாகவே நிற்கின்றன. மண் என்னும் உவமையோ விளைச்சலின் பொறுப்பில் ஒரு பங்கை உழவனாகிய ஆசிரியன்மேலும் வைத்துவிடுகின்றது. இவ்வுவமையை ஆசிரியர் அறையில் ஒருவரும் எடுத்தாளக் கேட்டிலேம்!

இனி, ஒருவனே ஓரிடத்து அன்னமாகவும் பிறிதோரிடத்து நெய்யரியாகவும் நிற்றல் கூடுமா? கூடும் என்பதற்கு உளநூலார் காட்டும் சான்றுகளுள் தலையாயது முன்னறிவு பற்றியது. 1988-இல் ரெக்ட், லெசுலி என்னும் இருவர் அமெரிக்கப் பள்ளி மாணாக்கர் 64 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். அடிப்பந்தாட்டத்தின் ஒரு பகுதியை விரித்துரைக்கும் உரைநடைப் பத்தி ஒன்று படிக்கத் தரப்பட்டது. மாணாக்கருள் படிப்புத்திறன் மிக்காரும் குறைந்தாரும் இருந்தனர். அவ்விரு திறத்தாருள்ளும் ஆட்டம் அறிந்தாரும் அறியாதாரும் இருந்தனர். படித்ததை மீட்டுரைப்பதில், படிப்புத்திறன் குறைந்தும் ஆட்டம் அறிந்தவர், படிப்புத்திறன் மிக்கும் ஆட்டம் அறியாதவரை விஞ்சினர். எது முதன்மையான செய்தி, எது சில்லறைச் செய்தி என்று பிரித்தறியும் அன்னத்தின் ஆற்றல்கூட, பொருளைப் பற்றிய முன்னறிவையே பற்றி நின்றது.

இதற்குத் தமிழுலகில் நாம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடங்கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனக் கற்ற நூல்கள் அளவிறந்தன. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பாடஞ்சொல்லக் கேட்டபொழுது, அந்நூல் ஐயர்க்கு எளிதில் வழிவிடவில்லை. சொல்லறிவும் யாப்பறிவும் நிரம்பியவர்க்குத் தடையாய் நின்றது சமண சமயக் கொள்கையும் அச்சமயத்தார் வழக்கும் பற்றிய அறிவின்மையே. அவர் ஆங்கு வாழ்ந்த சமணரை அடுத்து ஐயம் அகற்றிக்கொண்ட வரலாற்றைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் தாமே விரித்துரைக்கின்றார். சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-இல். அவ்வேழாண்டுக்கு முன் ஒரு நாள் அந்நூலில் ஒரு பகுதியைக் கொடுத்து அவரைத் தேர்ந்திருப்பின், எவ்வுவமையைச் சூட்டியிருப்போம்?

முன்னறிவு இல்லாத இடத்து மனம் வாளா இருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. கேம்பிரிட்சுப் பேராசிரியர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நினைவு பற்றிய நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றை ஆங்கிலேயர்க்குப் படிக்கத் தந்து, பின்னர்த் திரும்பக் கூறச்செய்த செய்தி வருகின்றது. அவர்கள் புரியாதவற்றை விட்டனர். விட்ட இடங்களைத் தமக்குப் பழகியவற்றால் நிரப்பினர். பழங்குடியினரின் குடைமரத் தோணி வெறும் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. சங்கப் பாடலுக்குப் பொருளெழுதும் மாணாக்கர் பரத்தையிற் பிரிவை இக்காலக் குடும்பப் பூசலாக மாற்றி எழுதுதலும் இவ்வகையதே. விடைத்தாளில் அதனைக் காணும்போது எருமை கலக்கியதாக நமக்குத் தோன்றும். ஆயின் அங்கு நிகழ்வது, திணைமரபு என்னும் சட்டகம் இன்னும் அமையாத உள்ளம் தனக்குக் கிடைத்த வேறொரு சட்டகத்தை எடுத்துப் பொருத்தும் வேலை. அகத்திணை மரபை முன்னரே விளக்கிப் பின்னர்ப் பாடலுட் புகும் ஆசிரியரிடத்து இக்கலக்கம் பெரிதும் குறைதலைப் பலரும் கண்டிருப்பர்.

அடுத்து நோக்கத்தக்கது, செய்யுளைக் கண்ணால் படிக்கும் தொழிலே. உரைநடையைத் தங்குதடையின்றிப் படிக்கும் பட்டதாரி மாணாக்கர், சந்தி பிரியாத பழம்பாடலின் முன் மீண்டும் தொடக்கப்பள்ளிக் குழந்தையின் நிலையை எய்துகின்றார். அச்சில் இடைவெளி சீர்களுக்கு நடுவே விழுகின்றதேயன்றிச் சொற்களுக்கு நடுவே விழுவதில்லை. ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் உடல் அடுத்த சீரிலும் கிடக்கும். வகையுளி என்று யாப்பு நூலார் பெயரிட்டு வைத்தது இதனையே. எனவே, படிப்பவர் சொல்லைப் பிரிக்கவேண்டும். பிரித்ததைக் கையில் வைத்துக்கொண்டு வினைமுற்று வரும்வரை காத்திருக்கவேண்டும். இடையில் வரும் அடைகளை அவ்வவற்றிற்குரிய பெயர்களோடு சேர்க்கவேண்டும். இவையனைத்தும் நிகழும் களம் மிகக் குறுகியது. ஒரே சமயத்தில் உள்ளம் பற்றக்கூடிய கூறுகள் ஏழையொட்டியன என்று 1956-இல் மில்லர் எழுதினார். பின்வந்தோர் அதனை நான்களவாகக் குறைத்தனர். அக்களத்தைச் செயல்நினைவு என்ப. சொற்பிரிப்பிலேயே அக்களம் நிரம்பிவிடின் பொருளுக்கு இடமில்லை. பாட்டின் முதற்பகுதி முடிவு வருமுன் ஒழுகிப்போகின்றது. இல்லிக்குடம் என்று நாம் வைத பெயர் இவ்விடத்துப் பெரும்பாலும் பொருந்துகின்றது. ஆயினும் ஓட்டை குடத்தில் இல்லை, கொள்ளளவுக்கு மேல் ஒரே பொழுதில் பெய்யப்பட்டதில் உளது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளை வெளியிட்டபொழுது, யாப்புருவம் சிதைகின்றது என்று வருந்தியோர் வருத்தத்தில் நியாயம் உண்டு. எனினும், முதற்படிப்புக்குச் சந்தி பிரித்த வடிவமும் இரண்டாம் படிப்புக்கு யாப்பு வடிவமும் கொள்வதில் இழப்பு யாதும் இல்லை என்பதே எம் கருத்து.

செயல்நினைவைச் சுருக்கும் பிறிதொன்று அச்சம். கணக்கைக் கண்டு அஞ்சும் மாணாக்கர்க்குக் கணக்கிடும்பொழுதே செயல்நினைவு குறைபடுதலை ஆசுகிராப்டும் கிர்க்கும் 2001-இல் ஆய்ந்து காட்டினர். அஞ்சும் உள்ளம் தன் அச்சத்தையே ஒரு பாரமாகச் சுமக்கின்றது. இதனைக் கருதும்போது நன்னூலில் ஓர் இடம் எம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. பாடஞ்சொல்லத் தகாதார் இவரென வகுத்த பட்டியலில், சோம்பரும் செருக்கரும் கள்வரும் நிற்கும் வரிசையிலேயே, பழைய நூல்களுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தவனும் நிறுத்தப்படுகின்றான். பவணந்தியார் அவனை நோக்கியதில் தவறில்லை; அத்தகையான் அன்றும் இருந்தான் என்பதற்கு இதுவே சான்று. அவனை வெளியே நிறுத்தியதை யாம் உடன்படற்கில்லை. கள்ளமும் செருக்கும் ஒழுக்கக் குறைகள். தொன்னூல் அச்சமோ பழக்கத்தால் தேய்வது. உரையாசிரியர் பெயர்களையும் கொளுத் துறைகளையும் முதல் நாளிலேயே அடுக்கி மாணாக்கரை மிரட்டும் வகுப்புகளில் அது வளர்கின்றது. தெரிந்த சொற்கள் மிக்க எளிய பாடலிலிருந்து தொடங்கும் வகுப்புகளில் அது தேய்கின்றது.

கிளிக்கு வருவோம். சுவீடன் நாட்டு யோதெபோரிப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டன், செல்யோ என்போர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், மாணாக்கர் ஒரே கட்டுரையை இருவேறு நோக்கில் படித்தல் வெளிப்பட்டது. சிலர் சொற்றொடர்களைப் பற்றினர், பின் கேட்கப்படும் வினாக்கு அவை உதவும் என்று கருதி. சிலர் ஆசிரியர் சொல்ல வந்த பொருளைத் தேடினர். இதனினும் சிறந்தது அடுத்துக் கண்டது: எவ்வகை வினா வரும் என்னும் எதிர்பார்ப்பு, படிக்கும் முறையையே மாற்றியது. சிறுசெய்தி வினாக்களைச் சந்தித்தவர் பின்னர் மேலோட்டமாகவே படித்தனர். அங்ஙனமாயின், ஆண்டுதோறும் பழைய வினாக்களையே சிற்சில மாற்றத்தோடு தாளில் இட்டுவிட்டு, மாணாக்கர் கிளியாயினர் என்று வருந்துதல் வேடிக்கையன்றோ? கிளி நன்கு கேட்கின்றது. எதைக் கேட்டுச் சொன்னால் பழம் கிடைக்கும் என்பதையும் அது அறியும்.

ஆவின் அசைபோடுதலுக்கும் உளநூலில் ஒப்பு உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஒரு பத்தியை நான்கு முறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்து மூன்று முறை நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப்பின் தேர்ந்தபொழுது முன்னவர் நூற்றுக்கு 83-உம் பின்னவர் 71-உம் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்தபின் முன்னவர் 40 ஆயினர். பின்னவர் 61 ஆயினர். மீண்டும் மீண்டும் படித்தாரே தமக்கு மிகுதியும் நினைவிருக்கும் என்று முன்னதாக நம்பியிருந்தனர் என்பதும் அவ்வாய்வு கூறும் செய்தி. இம்முடிவு நன்னூல் கற்றார்க்கு வியப்புத் தாராது. ஆசிரியன் உரைத்ததை முழுதும் கொண்டவனும் புலமையில் காற்கூறே பெறுவான். உடன் பயில்வாரொடு பழகுதலால் ஒரு காற்கூறு வரும். எஞ்சிய இரு காற்கூறும் தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் வரும் என்பது பொதுப்பாயிரக் கணக்கு. எடுத்துரைப்பான் நூலைப் பார்த்துப் படிப்பதில்லை, உள்ளத்திலிருந்து மீட்டெடுக்கின்றான். நம் முதுகலைக் கால அட்டவணையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஆசிரியர் உரைத்தலுக்கே செல்கின்றது. கருத்தரங்க மணி என ஒதுக்கியதிலும் மாணாக்கர் எழுதிவந்ததை வாசித்து அமர்கின்றனர்.

ஈண்டு இரண்டு கருத்துகளை விலக்கவேண்டியுள்ளது. மாணாக்கருள் சிலர் கண்ணாற் கற்போர், சிலர் செவியாற் கற்போர், சிலர் கையாற் கற்போர் எனப் பகுத்து, அவ்வவர்க்கு அவ்வவ் வழியே கற்பிக்கவேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிகளில் பரவிய கொள்கை. 2008-இல் பாசுலர் முதலிய நால்வர் இதுபற்றிய ஆய்வுகளை ஒருங்கு நோக்கி, அங்ஙனம் பொருத்திக் கற்பித்தலால் பயன் விளையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றனர். மற்றொன்று, ஆசிரியர் உயர்வாக எதிர்பார்த்தால் போதும், மாணாக்கர் அறிவு தானே உயரும் என்பது. 1968-இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் எழுதிய நூலால் புகழ்பெற்ற இக்கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் பெரிதும் சுருக்கிவிட்டன. எதிர்பார்ப்புக்கு விளைவு உண்டு, அத்துணைப் பெரிதன்று.

பிறவியிலேயே அமைந்த வேற்றுமை இல்லை என்று யாம் கூறவரவில்லை. செயல்நினைவின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். எழுத்தையும் ஒலியையும் இணைத்தலில் சிலர்க்கு இயற்கையிலேயே இடர்ப்பாடு உண்டு. டிசுலெக்சியா என்று அதனை வழங்குவர். 1896-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதிவு செய்த 14 வயதுச் சிறுவன் அத்தகையன். பல்லாண்டு முயன்றும் அவனுக்கு எளிய சொற்களைப் படிக்க இயலவில்லை. எண்களைப் படித்துக் கணக்கிடுதல் இயன்றது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடப்பின் பள்ளியில் அவனே தலைமாணாக்கனாவான் என்று அவன் ஆசிரியர் உரைத்ததாகவும் மார்கன் குறித்துள்ளார். நன்னூலார் மாணாக்கரைப் பகுத்த காலத்தில் கல்வி என்பது பாடங்கேட்டல். செவியே வாயாகவும் நெஞ்சே களனாகவும் கொண்டு கேட்டு அமைவதனையே அந்நூல் விதிக்கின்றது. அச்சிறுவன் பவணந்தியாரின் திண்ணையில் அமர்ந்திருப்பின் அன்னத்தின் வரிசையில் வைக்கப்பட்டிருப்பான். இன்றைய மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் அவன் இடம் இல்லிக்குடத்தின் வரிசை.