கண்ணுக்குத் தனிக் காப்பீடு தேவையா? கணக்குப் பார்ப்போம்!

வணிகருக்குக் கைமுதல் என்பது பணம் மட்டுமன்று, கண்ணும்தான். பொட்டலத்தின் மீது பொடி எழுத்தில் அச்சான காலாவதித் தேதியைப் படிப்பதும், துவரம்பருப்பை அள்ளி வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும், கல்லாவில் கள்ள நோட்டு சேராமல் காப்பதும் கண்ணின் வேலைகளே. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து, அறுபதை நெருங்கினால் கண்புரை, சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரைக் கோளாறு என்று செலவுகள் வரிசையாக வருகின்றன. இவற்றுக்குக் காப்பீடு எடுப்பது இலாபமா, நட்டமா? மற்றக் கொள்முதலைப் போலவே இதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

கண்ணாடிச் செலவு

மூக்குக் கண்ணாடி கடை வாடகை போன்றது. வரும் என்பது முன்னமே தெரியும். தொகையும் ஏறத்தாழத் தெரியும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் கண்ணாடிக்குப் பணம் தருவதில்லை. பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சைக்கும், குறைபாடு 7.5 டயாப்டருக்குக் கீழே இருந்தால் பணம் கிடையாது.

கூடுதல் பிரீமியம் கட்டினால் கண்ணாடிக்கும் தருகிறோம் என்று சொல்லும் திட்டங்கள் உண்டு. உதாரணமாக, ஆண்டுக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 2,500 ரூபாய் வரை கண்ணாடிக்குப் பெறலாம் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 4,000, வந்தது 2,500. நிச்சயம் வரக்கூடிய சிறு செலவுக்குக் காப்பீடு எடுத்தால் கணக்கு இப்படித்தான் முடியும். அந்தப் பணத்தை மாதந்தோறும் தனியே எடுத்து வைப்பதே மேல்.

கண்புரை அறுவை

இது பெரும்பாலும் மெதுவாக முற்றுவது; திட்டமிட அவகாசம் கிடைக்கும். 2020-இல் நடைமுறைக்கு வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பொதுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கண்புரைக்கு முதல் 24 மாதங்கள் பணம் கிடைக்காது. அதன் பிறகும், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு. அதிலும் 5 சதவீதம் நம் பங்கு. மூன்று லட்ச ரூபாய் பாலிசி வைத்திருப்பவருக்கு 60,000 ரூபாய் பில் வந்தால் 38,000 கிடைக்கும், 22,000 கைப்பணம்.

கண்புரை அறுவைக்கு மட்டும் என்றால் நம் மாநிலத்தில் வேறு வழிகளும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் வசதிக்கேற்பக் கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் லென்ஸ் தயாரிப்பைத் தொடங்கிய பிறகு, லென்ஸ் விலையும் வெகுவாக இறங்கியது.

கடையை முடக்கும் செலவு

சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தக் கசிவு, விழித்திரை விலகுதல், மூட்டைக் கொக்கி குத்தி ஏற்படும் காயம் ஆகியவை வேறு கணக்கு. எப்போது வரும் என்று தெரியாது. தாமதித்தால் பார்வையே போகும். காப்பீடு வேண்டியது இதற்குத்தான். கண்ணுக்கென்று தனியாக அன்று. இதயம், சிறுநீரகம், கண் எல்லாவற்றுக்கும் சேர்ந்த குடும்ப மருத்துவக் காப்பீடே போதும். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

கையெழுத்திடுமுன் கேளுங்கள்

1. கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம்? ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு எவ்வளவு?

2. கண்ணுக்குள் போடும் ஊசிக்குப் பணம் உண்டா? எவ்வளவு வரை? (ஆரோக்ய சஞ்சீவனியில் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் வரை.)

3. அன்றே வீடு திரும்பும் சிகிச்சைக்கும் பணம் உண்டா?

4. நாம் வழக்கமாகப் போகும் கண் மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இருக்கிறதா?

ஏஜெண்டு வாயால் சொல்வதை விட்டுவிட்டு, பாலிசிப் புத்தகத்தில் அந்த வரி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் கேட்கும் நேரத்தில் அதுவே தடையாகும். புதுப்பிக்கும் தேதியையும் தவறவிடாதீர்கள். சலுகை நாட்களும் கடந்து பாலிசி அறுந்தால், காத்திருந்த மாதங்களும் வீணாகும்.

காப்பீடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நாற்பது கடந்தவர்கள் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றியே பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. சர்க்கரை உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு இருப்புக் கணக்கெடுப்புக்குக் கடையை மூடும் நாளிலேயே இதையும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கு உண்டியல், கண்புரைக்குத் திட்டம், பேரிழப்புக்குக் காப்பீடு: இதுவே வணிகக் கணக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.